கீபோர்டா, கிட்டாரா, பேஸா? குழுவில் வாசிக்க ஆசைப்படுபவருக்கு

"ஏதாவது ஒரு வாத்தியம் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், எதை எடுக்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். தனியாக வாசிக்கவா, நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கவா? வீட்டில் சுகமாக இருக்கும் வாத்தியம் குழுவில் இடம் கிடைக்காமல் தவிக்கும். குழுவே நம்பியிருக்கும் வாத்தியம் வீட்டில் ஊமையாகக் கிடக்கும். நான் கீபோர்டில் தொடங்கி, கிட்டாருக்குப் போய், கடைசியில், பாட்டின் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரில் நிலைத்தவன். பிழைப்பு வேறு, வாசிப்பு ராத்திரி அரை மணி நேரம். அந்த அரை மணிக்கு எது என்ன தரும் என்பதை வைத்தே இந்த ஒப்பீடு.

முதல் நாளே காதுக்கு இனிமையாகச் சத்தம் தருவது கீபோர்டு. கீயை அழுத்தினால் சுரம் சுத்தமாக வந்துவிடும், சுருதி சேர்க்கும் வேலையே கிடையாது. கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். சி மேஜர் கார்டு என்றால் வெள்ளைக் கீகளில் ஒன்றை விட்டு ஒன்றாக சி, இ, ஜி கண்ணெதிரே இருக்கும். இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது. 61 கீ என்றால் ஐந்து ஸ்தாயி, ஆரம்பத்துக்குத் தாராளம்.

குழுவுக்குள் போகும்போதுதான் சிக்கல். தனியாக வாசித்துப் பழகியவரின் இடது கை கீழ்ச்சுரங்களை அடித்துக்கொண்டே இருக்கும். பேஸ் கிட்டாரும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டால் பாட்டின் அடிப்பகுதி முழுக்கக் குழம்பிவிடும். என் முதல் ரிகர்சலில் பேஸ் வாசித்த அண்ணன் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் வந்து, "தம்பி, இடது கையைக் கொஞ்ச நேரம் மடியில் வச்சுக்கோ" என்றார். வைத்தேன். அடுத்த சுற்றிலேயே பாட்டு தெளிந்தது. குழுவில் வாசிப்பது என்றால் என்ன என்று எனக்கு முதலில் புரிந்தது அந்த நிமிடம்தான்.

இன்னொரு ஆபத்து, அதே கீகளை வாசித்தாலும் சுருதியை ஏற்றி இறக்கித் தரும் ட்ரான்ஸ்போஸ் பட்டன். ஒரு நிகழ்ச்சியில் பாடுபவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் ஒரு பாட்டை ஒரு கட்டை இறக்கச் சொன்னார். மைனஸ் 2, அதாவது இரண்டு அரைச்சுரம் கீழே, வைத்து வாசித்தேன். அடுத்த பாட்டுக்குப் பூஜ்யத்துக்குத் திரும்ப மறந்துவிட்டேன். மற்றவர்கள் ஏ மைனரில் எடுக்க, நான் மட்டும் ஜி மைனரில் நுழைந்தேன். நாலு நொடிதான், ஆனால் பாடுபவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பட்டனைத் தொடாமல் 12 சுருதியிலும் கார்டு வாசிக்கப் பழகியது அதற்கப்புறம்தான்.

கிட்டார் நேர் எதிர். முதல் மாதம் வலிதான். எஃகுக் கம்பி விரல் நுனியில் கோடு போட்டுவிடும். தினமும் வாசித்தால் மூன்று நான்கு வாரத்தில் தோல் தடித்து வலி அடங்கும். நைலான் கம்பி கொஞ்சம் மென்மை. அதைத் தாண்டி வந்தால் எஃப் கார்டு. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். இந்த இடத்தில் கிட்டாரை மூலையில் சாய்த்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். ஆனால் தப்பு எப்போதும் கையில் இல்லை. அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) பிடித்துப் பாருங்கள். அங்கே லேசாக வந்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், கம்பி நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பக்கம் உயரமாக உட்கார்ந்திருக்கலாம். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை செட்டப் செய்து வாங்குங்கள். இரண்டு மாதப் போராட்டம் மிச்சமாகும்.

பாடிக்கொண்டே வாசிக்க கிட்டாருக்கு இணை கிடையாது. தோளில் மாட்டினால் கிளம்பிவிடலாம். ஆனால் குழு தேடிப் போனால் அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேரும் ஒரே கார்டை ஒரே இடத்தில் தட்டினால் கேட்கச் சகிக்காது. இதற்கு ஒரு வழி உண்டு. ஒருவர் ஜி கார்டைச் சாதாரணமாகப் பிடிக்கட்டும், மற்றவர் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு டி வடிவத்தைப் பிடிக்கட்டும். இரண்டும் ஜி தான், ஆனால் இரண்டாவது மேலே மணி மாதிரி ஒலிக்கும்.

டிரம்ஸை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் அதற்கு இடமும் இல்லை, அக்கம்பக்கம் தாங்கவும் தாங்காது. எலக்ட்ரானிக் டிரம்ஸிலும் பெடலை மிதிக்கும் அதிர்வு கீழ்த்தளத்துக்குப் போய்விடும்.

இனி பேஸ். தனியாக வாசிக்க இது சலிப்பு தட்டும், மறைக்க ஒன்றுமில்லை. இ, ஏ, டி, ஜி என்று நாலே கம்பி, கிட்டாரின் கீழ்ச்சுருதிக் கம்பிகள் நான்குக்கும் ஒரு ஸ்தாயி கீழே. அதில் அடிக்கம்பியான இ ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கரில் அந்த அடி எடுபடவே எடுபடாது. கம்பியின் நீளமும் வழக்கமாக 34 அங்குலம், எலக்ட்ரிக் கிட்டாரில் சுமார் 25. விரல் அகல விரிய வேண்டும். வாசிக்காத கம்பி தானாக அதிராமல் அடக்கி வைப்பது தனி வேலை, அதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை.

குழுவில் நின்றால் கதையே வேறு. கிட்டாரும் கீபோர்டும் சி மேஜர் வாசிக்கும்போது நீங்கள் கீழே ஏ வாசித்துப் பாருங்கள். அவர்கள் விரலை அசைக்கவில்லை, ஆனாலும் கேட்பவருக்கு அது ஏ மைனர் 7 ஆகிவிடும். ஒரே ஒரு சுரத்தால் பாட்டின் முகம் மாறுகிறது. இந்தப் பொறுப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கிட்டாரிலிருந்து இதற்கு வருவதும் எளிது. 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வந்ததே கிட்டார் போலவே ஃப்ரெட் இருப்பதால் சுரம் பிசகாமல் விழும் என்பதால்தான். பால் மெக்கார்ட்னி 1961இல் பீட்டில்ஸ் குழுவில் ஆள் இல்லாமல் பேஸுக்கு வந்தவர். 1963இல் ஓர் ஒலிப்பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வராததால், கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அமெரிக்க ஸ்டுடியோ கலைஞர் கேரல் கே அந்த இடத்தை நிரப்பினார். அதன்பின் அதுவே அவருடைய வாத்தியமாயிற்று.

என் தேர்வு இதுதான். தனக்காகப் பாடி வாசிக்க கிட்டார். மெட்டுப் போட ஆசையென்றால் கீபோர்டு. குழுதான் கனவு என்றால் ஆறு மாதம் கிட்டார், அப்புறம் பேஸ். முதல் ரிகர்சலுக்கு மூன்று பாட்டு தயார் செய்தால் போதும். ஒவ்வொரு கார்டின் மூலச் சுரத்தை (சி கார்டுக்கு சி) மட்டும், டிரம்ஸ் வாசிப்பவரின் பெரிய டிரம்மை அடிக்கும் கிக் பெடல் காலைப் பார்த்து, அது இறங்கும் அதே நொடியில் வாசியுங்கள். ஒரு மணி நேரம் அப்படித் தாளம் தப்பாமல் நின்றவரை அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள்.