வடசென்னையில் வெப் பேஜ் கோடிங்: எந்த வகுப்புக்குக் காசு கொடுக்கலாம்?

பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு, "வெப் டிசைனிங் எங்கே சேர்க்கலாம்? ரொம்ப செலவாகாமல் சொல்லுங்கள்" என்று கேட்கும் பெற்றோர் எங்கள் பக்கத்தில் நிறைய. வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என எந்தப் பகுதியாக இருந்தாலும் எதிரே இருக்கும் வழிகள் நான்குதான். பக்கத்துத் தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டர், வேளச்சேரி, தி.நகர் பக்கம் இருக்கும் பெரிய இன்ஸ்டிடியூட், அரசு தரும் பயிற்சி, அப்புறம் இணையத்தில் தானாகப் படிப்பது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், அதை அழகுபடுத்தும் சிஎஸ்எஸ், தொட்டால் வேலை செய்ய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுக்கும் பாடம் முழுவதும் இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. எழுதுவதற்கான விஎஸ் கோட் இலவசம். எழுதிய பக்கத்தை உலகம் பார்க்கும்படி ஏற்றிவைக்க கிட்ஹப் பேஜஸ் இலவசம். பிறகு எதற்குக் காசு? பிள்ளை எழுதிய கோடிங்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, எங்கே தப்பு என்று காட்டித் தரும் ஓர் ஆளுக்கு. அந்த ஆள் இருக்கும் இடம்தான் நல்ல வகுப்பு. கீழே சொல்வதையெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

பக்கத்துத் தெரு சென்டர்

மூலக்கடை, பெரம்பூர், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எங்கே நடந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் பலகை கண்ணில் படும். இவற்றின் பெரிய பலம், வீட்டிலிருந்து நடந்தே போகலாம் என்பது. வேலைக்குப் போகிறவர்களுக்கு சாயங்கால பேட்ச் கிடைக்கும். ஃபீஸைத் தவணையாகக் கட்டலாம். புரியாததைத் தமிழிலேயே கேட்கலாம். முதல் தலைமுறையாகக் கம்ப்யூட்டர் தொடும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இவற்றில் பலவற்றுக்கு வருமானமே தட்டச்சு, டேலி, எம்எஸ் ஆபிஸ் ஆகியவற்றில்தான். தட்டச்சு நிலையங்களில் அரசுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் கம்ப்யூட்டர் ஆட்டோமேஷன் சான்றிதழ் அரசுத் தட்டச்சர் வேலைக்குத் தேவைப்படும், நல்ல சான்றிதழ். அதில் வெப் பேஜ் எழுதுவது கிடையாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்த்துவிடாதீர்கள்.

சென்டர் நல்லதா என்று பார்க்க, அவர்கள் தரும் சிலபஸ் தாளே போதும். அதில் மார்க்கீ டேக், ஃபான்ட் டேக், ஃப்ரேம்செட் எல்லாம் பாடமாக அச்சாகி இருந்தால் அது பழைய தாள். எச்டிஎம்எல் 5 முறையான தரமாக வந்தது 2014 அக்டோபரில். அந்தத் தரத்தில் இந்த மூன்றும் வழக்கொழிந்தவை என்றே குறிக்கப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகும் அவற்றைச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் தாளையும் மாற்றவில்லை, பாடத்தையும் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். இன்றைக்குப் பயன்படும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட், மீடியா குவெரி, கிட் ஆகிய நான்கு சொற்கள் தாளில் இருந்தால் நம்பி உள்ளே போகலாம்.

அடுத்தது டெமோ கிளாஸ். பெரும்பாலான சென்டர்களில் கேட்டால் ஒரு நாள் உட்கார விடுவார்கள். அன்று ஆசிரியரிடம் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: "சார், எங்கள் தெரு மளிகைக் கடைக்கு ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள். கடைப் பெயர் தமிழில் இருக்கணும். போன் நம்பரைத் தொட்டால் கால் போகணும். இந்த மொபைலில் திறந்து பார்க்கணும்." மூன்று வரி வேலைதான், ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்பது இதில் தெரிந்துவிடும். கோடிங்கின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 (எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி) என்று குறிக்காவிட்டால் தமிழ் எழுத்து புரியாத குறிகளாகக் கொட்டக்கூடும். திரை அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தும் வியூபோர்ட் வரியை விட்டுவிட்டால் பக்கம் மொபைலில் சுருங்கி, எறும்பு ஊர்வது மாதிரி தெரியும். இப்படி ஏதாவது நடந்தால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். எஃப் 12 பட்டனைத் தட்டி, பக்கத்தின் உள்ளே இருப்பதைக் காட்டும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, "இதோ, இந்த வரி விட்டுப்போச்சு, பார்" என்று காட்டுகிறவர் கிடைத்தால் சென்டர் ஓட்டு வீட்டு மாடியில் இருந்தாலும் பரவாயில்லை, சேர்த்துவிடுங்கள். பழைய நோட்டைப் புரட்டி, "இதை அப்படியே எழுதிக்கோ" என்று சொல்கிறவரிடம் ஆறு மாதம் படித்தாலும் நோட்டுதான் நிறையும்.

இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டமா, ஒருவருக்கு ஒன்றா என்பதையும் அன்றே எண்ணிப் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து யாருக்கும் கோடிங் வராது.

வேளச்சேரி, தி.நகர் பக்கம் போனால்

பெரிய இன்ஸ்டிடியூட்டுகளில் ஃபுல் ஸ்டாக் (கண்ணில் படும் பக்கம் முதல் பின்னால் இயங்கும் சர்வர் வரை) என்று மொத்தமாக விற்பார்கள். எச்டிஎம்எல்லில் தொடங்கி ரியாக்ட், நோட் ஜேஎஸ், டேட்டாபேஸ் வரை ஒரே பேக்கேஜ். ஃபீஸ் பெரும்பாலும் பல பத்தாயிரங்களில் போகும். தனியார் பயிற்சிக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. சொல்கிற தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 40,000 ரூபாய் என்றால் வரியோடு 47,200 ஆகிறது. வடசென்னைக் குடும்பத்துக்கு அந்த 7,200 சின்னத் தொகை இல்லை.

இன்னொன்று இஎம்ஐ. "மாதா மாதம் கட்டினால் போதும்" என்று சொன்னால் அது இன்ஸ்டிடியூட்டுக்கே கட்டும் தவணையா, நிதி நிறுவனத்திலிருந்து உங்கள் பெயரில் எடுக்கும் கடனா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். கடன் என்றால், பிள்ளை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விம்கோ நகரிலிருந்து கிண்டி வரை நேராக மெட்ரோ இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே பாதை திறந்த பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு அந்தப் பக்கம் போவது எவ்வளவோ சுலபம். ராயபுரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் போய், வேளச்சேரி பறக்கும் ரயில் பிடித்தால் சீசன் டிக்கெட்டில் இன்னும் மலிவு. ஆனால் வியாசர்பாடி, எம்கேபி நகர், மணலியிலிருந்து போய் வர ஒரு நாளில் மூன்று மணி நேரம் கூடப் போய்விடும். தொடக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அந்த மூன்று மணி நேரமும் கீபோர்டில் கை வைத்துப் பழக வேண்டிய நேரம்.

அதற்காக இந்த இடங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிப்படை கைவந்து, சொந்தமாக இரண்டு மூன்று பக்கங்கள் எழுதி ஏற்றியவருக்கு, நேர்முகத் தேர்வுப் பயிற்சியும் கம்பெனித் தொடர்பும் அங்கேதான் கிடைக்கும். முதல் நாளே அங்கே போய் நிற்பதுதான் வீண் செலவு.

அரசு வழி

ஃபீஸ் கட்டவே முடியாத வீடு என்றால் நான் முதலில் கை காட்டுவது அரசு ஐடிஐயில் இருக்கும் கோபா பிரிவை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர், புரோகிராமிங் அசிஸ்டென்ட் என்ற இந்தப் படிப்பு ஓராண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாடத்திட்டத்திலேயே எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்ட்டும் உண்டு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸும் சைக்கிளும் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. ஆகவே பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க நினைக்கும் அக்காமார்களுக்கும் இது பொருந்தும். குறை என்னவென்றால் நாள் முழுக்க வகுப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியாது. எல்லா ஐடிஐயிலும் எல்லாப் பிரிவும் இருக்காது என்பதால், விண்ணப்பிக்கும்போது கோபா எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரி, சர் தியாகராயா கல்லூரி போன்ற இடங்களில் ஏற்கெனவே படிக்கிறவர்கள் வெளியே காசு கட்டும் முன், 2022 மார்ச்சில் தொடங்கிய, தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனில் தங்கள் துறைக்கு என்ன கோர்ஸ் வந்திருக்கிறது என்று கல்லூரியிலேயே கேட்க வேண்டும். எஸ்சி, எஸ்டி குடும்பங்கள் தங்களுக்கான அரசு நிறுவனமான தாட்கோவின் இலவசத் திறன் பயிற்சி அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருக்கலாம்.

மத்திய அரசின் கணினிப் பயிற்சி நிறுவனமான நீலிட் நடத்தும் ஓ லெவல் என்ற அடிப்படைப் படிப்பில் வெப் டிசைனிங் ஒரு முழுப் பாடம். சான்றிதழுக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு. சென்னை மையம் காந்தி மண்டபம் சாலையில் இருப்பதுதான் நமக்குத் தூரம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அவர்களுக்குப் பணம் மிச்சம், நேரம்தான் செலவு.

தானாகப் படிப்பது

ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் பாடமும் பயிற்சியும் சான்றிதழும் இலவசம். ஆங்கிலம் தடையாக இருந்தால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலில் பாடங்கள் உண்டு, கணியம் தளத்தில் தமிழ் மின்னூல்கள் உண்டு, ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த குவி என்ற தளத்தில் தமிழ் வீடியோக்கள் உண்டு. வீட்டில் இடமும் நெட்டும் இல்லாதவர்களுக்குக் கொளத்தூர் அகரத்தில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் பெரிய வரம். அமைதியாக உட்கார்ந்து படிக்க அந்த மாதிரி இடம் முன்பு நம் பக்கம் இருந்ததில்லை. லேப்டாப் புதிதாக வாங்கக் கடன் வேண்டாம். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலேயே இந்த மூன்று பாடமும் ஓடும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஏகோட் ஆப்பில் எழுதத் தொடங்கலாம்.

இந்த வழியில் ஒரே சிக்கல், மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இல்லை. ஒரு புள்ளியோ அடைப்புக்குறியோ விட்டுப்போய், இரண்டு நாள் தேடியும் கிடைக்காமல், "எனக்கு இது வராது" என்று மூடி வைத்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் தனியாக வேண்டாம், தெருவிலோ கல்லூரியிலோ இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

எனக்குத் தோன்றுகிற வரிசை

முதல் ஒரு மாதம் காசே கட்டாமல் இணையத்தில் எச்டிஎம்எல் முடிக்கட்டும். ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது. அப்புறம் டெமோவில் தேறிய பக்கத்துச் சென்டரில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் இரண்டு மூன்று மாதம். பேக்கேஜாக எடுக்க வேண்டாம். பாடத்துக்குப் பாடம் ஃபீஸ் பேசுங்கள். ஒப்புக்கொள்ளும் சென்டர்கள் உண்டு. முழுத் தொகையையும் ஒரே நாளில் கட்டச் சொல்லி, "இன்றைக்கு மட்டும்தான் சலுகை" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை அந்த ரசீதின் பின்பக்கமாவது எழுதி, சென்டர் சீலோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.