கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்: என்ஜினோடும் மல்லுக்கட்ட வைக்கும் விளையாட்டு

ஐஎல்-2 வரிசையில் 2011இல் வந்த 'கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' என்ற, போர் விமானம் ஓட்டும் கணினி விளையாட்டை இப்போது வாங்கலாமா என்று யாராவது கேட்டால், ஜாய்ஸ்டிக் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். வெறும் கீபோர்டில் தரையிறங்குவதே பெரும்பாடு.

களம், 1940இல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் நடந்த பிரிட்டன் போர். ஒருபக்கம் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள்; மறுபக்கம் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஸ்டூக்கா, ஹைங்கல். (பெயரிலுள்ள ஐஎல்-2 சோவியத் விமானம். அது போருக்கு வந்ததே 1941இல்தான் என்பதால் இதில் கிடையாது!)

வெளிவந்தபோது கிடைத்த வரவேற்பு சுமார்தான். நல்ல கணினியிலேயே திக்கித் திணறி ஓடியது, பிழைகளும் ஏராளம். விமர்சகர்கள் குறை சொன்னதில் தப்பே இல்லை. பிறகு டீம் ஃப்யூஷன் என்ற ரசிகர் குழு சொந்த நேரத்தைச் செலவழித்து அதைச் செப்பனிட்டது. கடைசியில் மூல நிரலே அவர்கள் கைக்கு வந்து, 2017 டிசம்பரில் 'பிளிட்ஸ்' பதிப்பு வெளியானது. நான் பல ஆண்டுகளாக ஓட்டுவது இதைத்தான். பழைய விமர்சனங்களைப் படித்துவிட்டு இதை ஒதுக்குவது நியாயமில்லை.

இதில் என்னைக் கட்டிப்போட்டது சண்டையைவிட என்ஜின்தான். எரிபொருள் வால்வைத் திறந்து, மேக்னட்டோவை (என்ஜினுக்குத் தீப்பொறி தருவது) போட்டு, சூடேறும்வரை பொறுத்திருந்துதான் கிளம்ப வேண்டும். ரேடியேட்டரை மூடியபடி மேலே ஏறினால் என்ஜின் போச்சு. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜினில் மிதவை வைத்த கார்புரேட்டர் இருப்பதால், மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எரிபொருள் தடைப்பட்டு என்ஜின் இருமும். 109இல் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்படுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. எதிரி அப்படியே கீழே பாய்ந்து தப்பிவிடுவான். துரத்த வேண்டுமென்றால் விமானத்தைப் புரட்டிப்போட்டுத்தான் பாய வேண்டும். அன்றைய பைலட்டுகளும் அப்படித்தான் செய்தார்கள்.

குண்டுகளும் அப்படியே. ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளும் ஏறக்குறைய 15 விநாடியில் காலியாகிவிடும். இரு இறக்கைகளிலிருந்தும் பாயும் குண்டுகள் ஒரே இடத்தில் குவியும் தூரத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். நிஜப் போரில் பலர் அதை 250 கெஜத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள். நானும் அதையே வைத்திருக்கிறேன். கிட்டே போகாமல் சுடுவது வீண்.

குறை இல்லாமல் இல்லை. மெனுக்கள் இன்னும் குழப்பம்தான். கணினி ஓட்டும் விமானங்கள் சில நேரம் காரணமே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும். தனியாக ஆடும் கேம்பெயினில் (அடுத்தடுத்து வரும் போர்ப் பணிகளின் தொடர்) உயிரில்லை, அதை நம்பி வாங்காதீர்கள். ஆன்லைனில் மனிதர்களோடு பறந்தால்தான் ருசி. 2020இல் வந்த டோப்ருக் என்ற கூடுதல் தொகுப்பு வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறது. நல்லதுதான், ஆனால் எனக்குக் கால்வாயே போதும்.

தள்ளுபடியில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் டைகர் மாத் பயிற்சி விமானத்தில் ஏறி இறங்கப் பழகுங்கள், ஸ்பிட்ஃபயர் பக்கம் அப்புறம் போகலாம்.