வீட்டார் எல்லாருக்கும் ஒரே கணக்கா? ஓடர் போட முதல் இதை வாசியுங்கள்

களுவாஞ்சிக்குடியில் எந்தப் பாமசிக்குப் போனாலும் தெரிந்த முகம் ஒன்று நிற்கும். அதனால்தான் கரு தரிக்கக்கூடிய நாளைப் பார்க்கிற சோதனைப் பட்டிகளை இணையத்தில் வாங்கினேன். எனக்கு இரண்டு தரம் கரு கலைந்தது. இரண்டாவதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. இந்த முயற்சி எனக்கும் கணவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தோம்.

அந்தக் கடையின் செயலியில் எங்கள் எல்லாருக்கும் ஒரே கணக்கு. 2020 ஊரடங்கு நேரம் தம்பி திறந்தது. அவனுடைய போன், என்னுடைய போன், அம்மாவின் டெப், பெரியகல்லாற்றில் இருக்கிற மச்சாளின் போன், நான்கிலும் அதுதான். மறைநிலைச் சாளரத்தில் போய் வாங்கினால் தடயம் இருக்காது என்று நினைத்தேன். பிழை. பார்த்த பக்கங்களை என் போன் நினைவில் வைக்காது, அவ்வளவுதான். கணக்குக்குள் போய் ஓடர் போட்டால் அது கடையிடம் பதிவாகும். அதே கணக்கைத் திறக்கிற எவருக்கும் தெரியும்.

பார்சல் கொண்டுவந்தவர் கணக்கிலிருந்த தம்பியின் இலக்கத்துக்கு அடித்திருக்கிறார். அவன் வேலையில், எடுக்கவில்லை. காசு முதலே கட்டியிருந்ததால் சந்திக் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு கணவர் போய் எடுத்துவந்தார். மேலே ஒட்டியிருந்த துண்டில் பொருளின் பெயர் முழுதாக அச்சடித்திருந்தது. பின்னேரம் வரைக்கும் அது அந்தக் கடை மேசையில் கிடந்தது.

அன்றிரவு மச்சாள் கோல் எடுத்தா. "என்ன புள்ள, ஏதும் விசேஷமா?" செயலியைத் திறந்ததும் 'மீண்டும் வாங்க' என்று முதல் பக்கத்திலேயே படம் நின்றிருக்கிறது. அவ அன்பாகத்தான் கேட்டா. எனக்கு வாய் வரவில்லை.

உடனே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். 'உங்கள் கோரிக்கைப்படி நீக்கிவிட்டோம்' என்று பதில் வந்தது. பட்டியலைப் பார்த்தேன், இல்லை. நிம்மதியாகப் படுத்தேன்.

ஐந்து நாளுக்குப் பிறகு, 'நீங்கள் வாங்கிய பொருள் எப்படி? மதிப்பிடுங்கள்' என்று படத்தோடு நான்கு பேருக்கும் அறிவிப்புப் போனது. அம்மா டெப்பைக் கொண்டுவந்து, "இது என்ன மகள்?" என்று கேட்டா. குசினியில் நின்றுகொண்டே, மறைத்து வைத்திருந்த இரண்டாவதையும் சொல்லவேண்டி வந்தது. அதை எப்போது, எப்படிச் சொல்வதென்று நான் தீர்மானித்திருக்க வேண்டும். ஒரு செயலி தீர்மானித்தது.

மறுகா தேடிப் பார்த்தால், பொருளின் பெயரை அடித்ததும் ஓடர் அப்படியே வந்தது. பட்டியலிலிருந்து மறைத்ததைத்தான் 'நீக்கிவிட்டோம்' என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது தரம் எழுதிய பிறகுதான், திருப்பிக் கொடுப்பதற்கும் கணக்கு வைப்பதற்கும் பதிவு தேவை, அழிக்க முடியாது என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான்கு சாதனத்திலும் அறிவிப்பை நிறுத்தியிருப்பேன். முடியாததை முடிந்ததாகச் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பொருள் பழுதென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம். எனக்குப் பொருள் சரியாகத்தான் வந்தது, போனது அந்தரங்கம். அதற்கான தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 2022இலேயே நிறைவேறியும், அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது.

ஆகவே, வீட்டில் ஒருவருக்கும் தெரியக்கூடாத எதையும், மருந்தோ உள்ளாடையோ பிறந்தநாள் பரிசோ, பொதுக் கணக்கில் வாங்காதீர்கள். உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் இலக்கத்திலும் தனிக் கணக்குத் திறவுங்கள், ஐந்து நிமிட வேலை. அந்தக் கணக்கைப் பொது டெப்பில் ஒருதரம்கூடத் திறக்க வேண்டாம். ஓடர் போட முதல், பார்சலின் மேல் பொருளின் பெயர் வருமா என்று விற்பனையாளரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கூரியர் கிளைக்கே போய் எடுக்க வழியிருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் கடையின் பதிலுக்குக் காத்திராமல், பார்த்த பொருட்களின் வரலாற்றை அழித்து, ஒவ்வொரு சாதனத்திலும் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். ஓடரின் பதிவு அழியாது, ஆனால் பொருள் முதல் பக்கத்தில் வந்து நிற்பது குறையும்.

முந்தநாள் தம்பியின் போனில் அதே பட்டியின் விளம்பரம் திரும்ப வந்தது. பக்கத்தில்தான் இருந்தேன். அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் ஒண்டும் பாக்கல்லக்கா" என்றான்.