டேர்ம் பாலிசியா, எண்டோவ்மென்ட் பாலிசியா: சம்பளம் நின்ற மாதத்தில் போட்ட கணக்கு

நான்கு ஆண்டுகள் எண்டோவ்மென்ட் பாலிசிக்குப் பிரீமியம் கட்டி, ஐந்தாம் ஆண்டு அதை முறித்துவிட்டு டேர்ம் பாலிசிக்கு மாறியவன் நான். எனவே நடுநிலை என்று பாவனை செய்யப் போவதில்லை.

இரண்டும் ஆயுள் காப்பீடுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்ததுதான். டேர்ம் பாலிசியில் குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். இருந்தால் ஒன்றும் வராது. எண்டோவ்மென்டில் இறந்தாலும் பணம் உண்டு, இருந்தாலும் முதிர்வுத் தொகை உண்டு. இதைக் கேட்டதுமே மனம் எண்டோவ்மென்ட் பக்கம் சாய்ந்துவிடும். "போட்ட பணம் எங்கேயும் போகாது, தம்பி" என்று முகவர் சொன்னபோது எனக்கும் சாய்ந்தது.

கணக்கைச் சம்பளத்தில் சொல்வது எளிது. என் எண்டோவ்மென்ட் பாலிசிக்கு ஆண்டுப் பிரீமியம் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். 20 ஆண்டுகள் கட்ட வேண்டும். காப்புத் தொகை, அதாவது நான் இறந்தால் குடும்பத்துக்கு வருவது, 20 மாதச் சம்பளம். காப்பீட்டு நிறுவனம் தரும் போனஸோடு சேர்த்து முடிவில் 32 மாதச் சம்பளம் அளவுக்கு வரலாம் என்று முகவர் தந்த தாளில் இருந்தது. 20 கொடுத்து 32 வாங்குவது அறுபது சதவீத லாபம்போலத் தெரியும். ஆண்டு வட்டியாகப் பிரித்தால் நாலேகால் சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், அந்த 32 மாதச் சம்பளம் பாலிசி எடுத்த நாளின் மதிப்பில் 12 மாதச் சம்பளம். இதே அரிப்பு டேர்ம் பாலிசியின் காப்புத் தொகைக்கும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் என்னை மாற்றியது வட்டிக் கணக்கு இல்லை. நான்காவது பிரீமியம் கட்டிய சில மாதங்களில் எனக்கு வேலை போயிற்று. ஏழு மாதம் வருமானம் இல்லை. ஐந்தாவது பிரீமியத்துக்கான அறிவிப்பு சாப்பாட்டு மேசையில் வாடகை ரசீதுக்கும் பள்ளிக் கட்டணச் சீட்டுக்கும் நடுவே கிடந்தது. அந்த மூன்றில் ஒன்றைத் தள்ளிப்போடலாம் என்றால் எதைத் தள்ளுவோம்? "நிறுத்தினால் எவ்வளவு வரும் என்று கேளுங்கள்" என்றாள் மனைவி. கேட்டேன். நான்கு மாதச் சம்பளம் கட்டியிருந்தேன். சரண்டர் மதிப்பு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் தாண்டியது.

ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்று கொதித்தேன். பிறகுதான் விளங்கியது. முகவருக்கான கமிஷன், மருத்துவப் பரிசோதனை, ஆவணச் செலவு எல்லாம் முதல் சில ஆண்டுப் பிரீமியத்திலேயே பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. சேமிப்பு என்று சேர்வது அதற்குப் பிறகுதான். சரண்டர் மதிப்பு என்ற ஒன்று கிடைப்பதே போராடிப் பெற்றது என்பது வேறு கதை. 1844இல் லண்டன் சென்ற அமெரிக்கர் எலிசூர் ரைட், பிரீமியம் கட்ட முடியாமல் போன முதியவர்களின் பாலிசிகள் ஏலம் விடப்படுவதைக் கண்டார். வாங்குகிறவர் பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டுவார்; முதியவர் இறந்ததும் பணம் வாங்கியவருக்கு. அந்தக் காட்சி ரைட்டை விடவில்லை. கட்டிய பணம் முழுவதும் பறிபோகாமல் தடுக்கும் சட்டம் 1861இல் மாசசூசெட்ஸில் வந்ததற்கு அவர்தான் முக்கியக் காரணம்.

முறிக்காமல் 'பெய்டு-அப்' ஆக்கிவிடும் வழியும் இருந்தது. அதாவது மேற்கொண்டு கட்ட வேண்டாம், கட்டிய பங்குக்கு மட்டும் காப்பு நிற்கும். 20இல் 4 கட்டியதால் காப்புத் தொகை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நான் இறந்தால் குடும்பத்துக்கு வருவது நான்கு மாதச் சம்பளம். என் துணை இல்லாமல் அவர்கள் தள்ள வேண்டிய காலமோ இருபது ஆண்டுக்கு மேல்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தராசு சாய்ந்தது. காப்பீடு மிகவும் தேவைப்படும் நேரமும் பிரீமியம் கட்ட மிகவும் திணறும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. வேலை போனால் சேமிப்பு கரையும். அப்போது சாவும் வந்தால் குடும்பத்துக்கு வேறு பிடிமானம் இருக்காது. ஆகவே எந்தப் பாலிசி அதிகம் தருகிறது என்பதைவிட, எது கெட்ட ஆண்டில் அறுந்துபோகாமல் நிற்கும் என்பதே கேள்வி. பிறகு நான் எடுத்த டேர்ம் பாலிசிக்கு ஆண்டுப் பிரீமியம் ஆறு நாள் சம்பளம். காப்புத் தொகை பத்து ஆண்டுச் சம்பளம். ஆறு நாள் சம்பளத்தை எப்படியும் புரட்டிவிடலாம், கைமாற்றாகக்கூட. ஒரு மாதச் சம்பளத்தை வேலை இல்லாதவன் எங்கே போய்ப் புரட்டுவது?

டேர்ம் பாலிசிக்கும் முள் உண்டு. கெடு தாண்டியும் கட்ட விடும் சலுகைக் காலத்துக்குள் கட்டாவிட்டால் காப்பு மொத்தமாகப் போய்விடும். பெய்டு-அப் என்ற ஆறுதல் பொதுவாக இதில் கிடையாது. மீண்டும் உயிர்ப்பிக்க உடல்நிலை பற்றி உறுதி தர வேண்டும். எனக்கு நேர்ந்த இன்னொரு சங்கடம்: மாறியபோது வயது 38, பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. பிரீமியத்தை ஏற்றினார்கள். நான் சொன்ன ஆறு நாள் அந்த ஏற்றத்தோடு சேர்த்துத்தான். முதலிலேயே எடுத்திருந்தால் நாலு நாளில் முடிந்திருக்கும். மாறுகிறவர்கள் புதிய பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதை முறிக்க வேண்டும். நான் முறை மாற்றிச் செய்து, இரண்டு மாதம் ஒரு காப்பும் இல்லாமல் இருசக்கர வாகனத்தில் வேலை தேடி அலைந்தேன். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

"மிச்சமாகும் பணத்தை முதலீடு செய்" என்பார்கள். சொல்ல எளிது. மீந்த 24 நாள் சம்பளம் முதல் ஆண்டு எங்கே போயிற்று என்று கேட்டால் என்னிடம் கணக்கில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்த பிறகுதான் சேர்ந்தது. அந்தக் கட்டுப்பாடு வராது என்று தன்னைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு எண்டோவ்மென்டின் கட்டாயச் சேமிப்பு உதவலாம். வாழ்நாள் முழுக்கப் பிறர் துணை தேவைப்படும் பிள்ளை உள்ள வீட்டுக்கு, 60 வயதில் முடிந்துபோகும் டேர்ம் பாலிசி போதாது. அங்கே ஆயுள் முழுவதுக்குமான பாலிசியை யோசிக்க வேண்டும். அந்த நிலையில் நான் இருந்ததில்லை. இழப்பீடு கோரி நின்ற அனுபவமும் எங்கள் வீட்டில் இதுவரை இல்லை. புகைப்பழக்கம், பழைய நோய் எதையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன், என்னால் முடிந்தது அது.

எல்லா எண்டோவ்மென்டையும் உடைக்கச் சொல்லவில்லை. திருமணத்துக்கு முன்பே மனைவி எடுத்த சிறிய பாலிசி ஒன்று அப்படியே இருக்கிறது. 20இல் 13 பிரீமியம் கட்டியாயிற்று. ஆரம்பச் செலவு எப்போதோ கழிந்துவிட்டது. மீதி ஏழையும் கட்டி முடிப்பதே இப்போது முறிப்பதைவிடக் கணக்கில் தேறுகிறது. அந்தப் பிரீமியத்தை நான்தான் கட்டுகிறேன், அவள் கேட்காமலே.