செத்த டிஸ்க்கை மாற்ற எம்டி ரெய்டா, இசட்எஃப்எஸ்ஸா?

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை. பில், இருப்பு எல்லாம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிரராக, அதாவது ஒரே டேட்டாவை இரண்டிலும் வைத்து ஓடும் இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்துவிட்டது. சர்வரில் ஹாட் ஸ்வாப் (ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டும்) வசதி இருந்தால், மிரரை நடத்தும் எம்டி ரெய்டு, இசட்எஃப்எஸ் என்ற இரண்டு முறையிலும் கடையை மூடாமலே மாற்றலாம். கழற்றுமுன் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை காட்டும் சீரியல் எண்ணை டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிடுங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் டேட்டாபேஸ் அந்த நொடியே விழும்.

லினக்ஸின் எம்டி ரெய்டில் பழைய டிஸ்க்குக்கு ஃபெயில், ரிமூவ் கட்டளைகள், அப்புறம் புது டிஸ்க்கில் அதே பார்ட்டிஷன், கடைசியாக ஆட் கட்டளை. சர்வர் இதிலிருந்து துவங்குகிறதென்றால், துவக்கிவைக்கும் பூட்லோடரையும் புது டிஸ்க்கில் போட மறக்கக் கூடாது. டேட்டா 200 ஜிபிதான் என்றாலும் 4 டிபி டிஸ்க் முழுவதையும் படியெடுக்கும். அதுவரை உங்களிடம் இருப்பது ஒற்றை டிஸ்க். பகலில் வேக வரம்பைக் குறைத்து, கடை அடைத்தபின் ஏற்றிவிடலாம்.

இசட்எஃப்எஸ்ஸில் டேட்டா பூலுக்கு (டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்புக்கு) ஒரு ரீப்ளேஸ் கட்டளை போதும். அந்த 200 ஜிபியை மட்டும் படியெடுக்கும், ஒவ்வொரு பிளாக்கையும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்துச் சரிபார்க்கும். மிஞ்சிய டிஸ்க்கில் டேட்டா கெட்டிருந்தால் எந்த ஃபைல் என்று சொல்லும். சத்தமில்லாமல் கெட்ட டேட்டாவை எம்டி அப்படியே படியெடுத்துவிடும். கணக்கு வைக்கிற இடத்துக்கு இசட்எஃப்எஸ்தான் என் தேர்வு. மெமரி கொஞ்சம் கூடக் கேட்கும், கொடுக்கலாம்.

ஏற்கெனவே எம்டியில் ஓடுகிறதா? சரி, முதலில் அதிலேயே டிஸ்க்கை மாற்றுங்கள். இடம்மாற்றம் பிறகு.