பரங்கிக்காய்த் தோட்டத்தில் பாட்டி கற்ற ஆங்கிலம்

மன்னார்குடியிலிருந்து வந்து சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடன் தங்கியிருக்கும் என் அம்மாவுக்கு ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிக்க வரும். ஆனால் பலதுறை மருந்தகத்திலோ மின்தூக்கியிலோ யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் உடனே என் முகத்தைப் பார்ப்பார். தான் பார்க்கும் கார்ட்டூனைப் பாட்டியும் பார்த்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று யோசனை சொன்னவன், தொடக்கநிலை 2இல் படிக்கும் என் மகன். அப்படித்தான் 2024 அக்டோபரில் 'இட்ஸ் த கிரேட் பம்ப்கின், சார்லி பிரவுன்' எங்கள் வீட்டுப் பாடநூலாயிற்று. 1966 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பான இப்படம் சுமார் 25 நிமிடமே ஓடும். 2020 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் சந்தாச் சேவையில் இருக்கிறது. நாளுக்கு ஐந்து நிமிடம் என்று, வசன வரிகளையும் ஓடவிட்டுப் பார்த்தோம்.

பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் ஹாலோவீன் நாளைப் பற்றிய படம் என்பதால் பேய், சூனியக்காரி போன்ற சொற்கள்தாம் தேறும் என்று நினைத்திருந்தேன். அவையும் இருக்கின்றன, ஆனால் மருந்தகத்தில் அவற்றால் என்ன பயன்? இப்படத்தின் உண்மையான வரவு, சருகைக் கூட்டுவது, கடிதம் எழுதுவது, அழைப்பிதழ் வருவது, போர்வையை இழுத்துக்கொண்டு நடப்பது என்று வீட்டையும் வாசலையும் சுற்றியே வரும் சொற்களில்தான் இருக்கிறது. பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்கள் உண்மையான சிறுவர்கள் என்பதால் வாக்கியங்கள் சின்னவையாகவும் நிறுத்தி நிறுத்திச் சொல்லப்படுபவையாகவும் இருக்கின்றன. பெரும்பாலும், சொல் காதில் விழும்போதே பொருள் திரையில் தெரிகிறது.

இலைக் குவியலைக் குறிக்கும் 'பைல்' என்ற சொல்லில் அம்மா முதல் நாளே சிக்கிக்கொண்டார். தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவருக்கு அந்த ஒலி கோப்பைத்தான் குறிக்கும். தமிழில் எழுதினாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. லைனஸ் என்ற சிறுவன் குச்சிமிட்டாயோடு சருகுக் குவியலுக்குள் குதித்து, அது முழுக்க இலை ஒட்டிக்கொண்டு வெளியே வரும் காட்சியை மூன்று முறை போட்டுக் காட்டிய பிறகு குழப்பம் தீர்ந்தது. மறுநாள் துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, "இதுவும் பைல்தானே?" என்று கேட்டார். அகராதியைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

கத்தரிக்கோலும் அப்படித்தான். நமக்கு ஒன்றாக இருக்கும் பொருளை ஆங்கிலம் 'சிஸர்ஸ்' என்று பன்மையில் சொல்வதை, பேய்வேடத்துக்காகப் போர்வையை வெட்டப் போய் அதைச் சல்லடையாக்கிவிடும் சார்லி பிரவுனிடமிருந்து கற்றுக்கொண்டார். மற்றப் பிள்ளைகளுக்கு மிட்டாய் விழும் பையில் அவனுக்கு மட்டும் வீட்டுக்கு வீடு கல்லே விழுகிறது; ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தில் அவன் அதை அறிவிப்பதால் 'காட்' என்ற இறந்தகால வினை அம்மாவின் நாவில் படிந்துவிட்டது. மீன் வாங்கி வந்தாலும் இப்போது "ஐ காட் ஃபிஷ்" என்கிறார்.

பரங்கிக்காயைக் கத்தியால் பிளக்கும் இடத்தில், அதைக் கொன்றுவிட்டதாக லைனஸ் அழுகிறான். "ஆயுத பூசைக்கு நாம் உடைப்பதைப் பார்த்தால் இந்தப் பிள்ளை என்ன செய்வானோ!" என்று அம்மா சிரித்தார்.

குறைகளும் உண்டு. நாய் ஸ்னூப்பி போர்விமானியாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டு அலையும் நீண்ட பகுதி பார்க்க அழகாக இருந்தாலும், அதில் பேச்சே அரிது என்பதால் சொல் கற்க வந்தவருக்கு அது வெறும் இடைவேளைதான். இது அமெரிக்க ஆங்கிலம் என்பதையும் மறக்கலாகாது. இங்கே பள்ளியில் 'ஸ்வீட்ஸ்' என்பது படத்தில் 'கேண்டி' ஆகிறது, 'ஃபுட்பால்' என்றாலோ முட்டை வடிவப் பந்து வந்து நிற்கிறது. பரிசு கொண்டுவரும் 'கிரேட் பம்ப்கின்' என்ற மாயப் பரங்கி வரும் என்று லைனஸ் சொன்னதை நம்பி, இரவெல்லாம் பரங்கிக்காய்த் தோட்டத்தில் காத்திருந்து ஏமாந்த சாலி என்ற சிறுமி அவனை 'பிளாக்ஹெட்' என்று திட்டுவதை என் மகன் அன்று மாலையே தங்கையிடம் சொல்லிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆங்கிலம் அறவே தெரியாதவர் இதைக்கொண்டு தொடங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்துக் கூட்டத் தெரிந்தவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து காட்சியை நிறுத்திப் பேச ஒருவர் இருப்பவருக்குமே இது உதவும்.

அந்த ஆண்டு தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்றே வந்தன. மாலையில் கொண்டோமினியத்தில் வசிக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, வெள்ளைப் போர்வை போர்த்திய சீனச் சிறுவன் ஒருவன் பையை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றான். முறுக்கை அள்ளிப் போட்ட அம்மா, அவன் கண்களுக்காக வெட்டியிருந்த துளைகளை உற்றுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "ஒன்லி டூ ஹோல்ஸ்?"