மொட்டை மாடிக் காற்றாலை: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

பெட்டியில் 400 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். மூன்று இறக்கை, 1.2 மீட்டர் விட்டம், கூடவே பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர். கம்பமும் பேட்டரியும் நம் பாடு.

அந்த 400 வாட் பொய் இல்லை. பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘நொடிக்கு 12 மீட்டர் காற்றில்’ என்று இருந்ததை நான்தான் படிக்கவில்லை. அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர், கொடியில் காயும் துணி கிளிப்போடு பறக்கும் காற்று. என் மாடியில் நொடிக்கு 4 மீட்டர் வந்தாலே பெரிசு. சரி, மூன்றில் ஒரு பங்கு வேகம் என்றால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாவது கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன், அங்கேதான் அடி விழுந்தது. காற்றில் உள்ள ஆற்றல் வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும், இறங்கும். ஆக கிடைப்பது இருபத்தேழில் ஒரு பங்கு. மீட்டர் காட்டியது 14, 15 வாட். ஒரு எல்இடி பல்பு, மிஞ்சினால் வைஃபை ரவுட்டர்.

முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நட்டது என் தப்பு. தொட்டியில் மோதிய காற்று சுழன்று வர, வால் இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டே இருந்ததே தவிர இறக்கை ஒழுங்காகச் சுற்றவில்லை. இரவில் கம்பம் வழியாக அதிர்வு இறங்கி படுக்கையறைக் கூரை ‘ம்ம்ம்’ என்று முனகும். அடியில் ரப்பர் வைத்து, கம்பத்தை 3 மீட்டர் உயர்த்திய பிறகுதான் இரண்டும் அடங்கின.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். புயல் மழையில் பேட்டரி நிறைந்ததும் கண்ட்ரோலர் தானாகவே பிரேக் போட்டது. சோலார் தகடு சும்மா கிடந்த அந்த இரண்டு நாளும் வீட்டு விளக்கு இதில்தான் எரிந்தது.

பெரிய காற்றாலைகள் 100 மீட்டர் உயரத்துக்குப் போவது ஏன் என்று இப்போது புரிகிறது. இந்தியாவின் காற்றாலை மின் திறன் 2025 மார்ச்சில் 50 ஜிகாவாட்டைத் தாண்டியதும் அந்த மாதிரி இயந்திரங்களால்தான், மாடி விசிறிகளால் அல்ல. ஆனால் உயரமும் காற்றும் மட்டும் இருந்தால் போதாது. கென்யாவின் துர்க்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், 310 மெகாவாட், அருமையான காற்று. 2017-லேயே எழுப்பியும் மின்கம்பி வந்து சேராமல் 2018 செப்டம்பர் வரை சும்மா நின்றன.

இயந்திரத்துக்கு மூன்றரை நட்சத்திரம், பெட்டி மேல் எழுதியவருக்கு ஒன்று. வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் காற்றுமானி ஒன்றை இரவல் வாங்கி, கம்பம் நடப்போகும் உயரத்திலேயே சில மாதம் கட்டிப் பாருங்கள். காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டருக்குக் கீழே என்றால் அந்தக் காசுக்குச் சோலார் தகடு வாங்கிவிடுங்கள்.